புல்லரிக்காத கை

“கண்ணை மூடிக்கிட்டாலும் சரி, திறந்து வச்சிருந்தாலும் சரி சார், இடது கையை மட்டும் அசைச்சிராதீங்க” என்று சொல்லிவிட்டு, பாட்டு ஆராய்ச்சி செய்கிற நஸ்ரின் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனாள். போனதும் எபனேசருக்கு இடது கை அரிக்கத் தொடங்கியது. சட்டையைச் சுருட்டி விட்டிருந்த இடத்துக்குச் சற்றுக் கீழே, சொறிந்தால் இரண்டு நொடியில் தீர்ந்துவிடுகிற அரிப்பு. ஐம்பத்தேழு வயதுவரை ஒரு தொந்தரவும் தராமல் தோளில் தொங்கிக்கொண்டிருந்த கை இது. இப்போது இரண்டு விரல்களில் பட்டை சுற்றி, மோதிர விரலில் ஆஸ்பத்திரியில் மாட்டுவது போல ஒரு கிளிப்பை மாட்டி, முன்கைக்கு நேரே சின்னதாக ஒரு கேமராவையும் வைத்த பிறகு, யாரோ பக்கத்து வீட்டுக்காரர் கையைப் போல மேஜைமேல் கிடக்கிறது. விரல் நுனியில் கண்ணுக்குத் தெரியாமல் ஊறுகிற வியர்வையை அந்தப் பட்டை அளக்குமாம். மனசு அசைந்தால் விரல் ஈரமாகுமாம். புல்லரித்தால் கேமரா பார்த்துவிடுமாம். வாய் என்ன சொன்னாலும் விரல் அதன் பாட்டுக்கு உள்ளதைச் சொல்லிவிடும் என்று அந்தப் பெண் விளக்கியபோது அவருக்கு முதலில் மரியாதைதான் வந்தது. அவருக்கே வேலை அதுதானே, கடைகடையாகப் போய்த் தராசையும் எடைக்கற்களையும் சோதித்து அரசாங்க முத்திரை அடிக்கிற வேலை, முப்பத்தோரு வருஷமாக. புளியையும் சீனியையும் இரும்பையும் நிறுத்துப் பழகிய மனிதர்கள் கடைசியில் புல்லரிப்பையும் நிறுக்கக் கற்றுக்கொண்டார்களே, அதுவும் மேலப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வருகிற இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி இதைச் செய்கிறாளே என்று நெஞ்சு நிறைந்து போயிற்று. பிறகுதான் அந்தப் பட்டை தன் விரலில் சுற்றியிருக்கிறது என்பது உறைத்தது. வந்திருக்கவே கூடாது. பாட்டு மனித மூளையை என்ன செய்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறேன், ஆள் வேண்டும் என்று அவள் போன மாதம் கோயில் பாடகர் குழுவிடம் வந்து கேட்டபோது, கடைசி பெஞ்சில் வழக்கம்போல உட்கார்ந்திருந்தவர் எழுந்து வெளியே போயிருக்கலாம். போகவில்லை. ஐம்பது தாண்டிய ஆண்கள்தான் குறைவாக இருக்கிறார்கள் என்று அவள் சொல்லி முடிக்குமுன், குழுவில் நின்ற மனைவி ஞானப்பூ திரும்பிப் பார்த்து, “இவங்களை எழுதிக்கோம்மா. இவங்களுக்குப் பாட்டுன்னா உசிரு” என்று சொல்லிவிட்டாள். உசிரு. அந்தச் சொல்லைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த பெருமையை ஒரு மனுசன் எப்படித் தட்ட முடியும்?

காதுக்குள் பாட்டு தொடங்கிவிட்டது. தெரிந்த பாட்டுதான். உயிர்த்த ஞாயிறுக்குக் குழு பாடுகிற நாலு குரல் கீதம், ஞானப்பூவின் பட்டியலில் முதலாவது, ஆகவே அவர் பட்டியலிலும் முதலாவது. உங்களுக்கு மிகவும் பிடித்த மூன்று பாட்டு என்று படிவத்தில் கேட்டிருந்த இடத்தில், ஞானப்பூ சமையலறையில் இருந்த நேரம் பார்த்து அவள் தன் படிவத்தில் எழுதியிருந்ததில் இரண்டைப் பார்த்து எழுதினார், மூன்றையும் எழுதினால் சந்தேகம் வரும் என்று ஒன்றை மட்டும் மாற்றினார். இதோ பெண்கள் தொடங்குகிறார்கள். ஆண்கள் கீழே சேருகிறார்கள். ஒவ்வொரு குரலும் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பது அவருக்குத் தெளிவாகக் கேட்கிறது, காதில் ஒரு குறையும் இல்லை. மெதுவாகப் போனால் துக்கம், துள்ளிப் போனால் சந்தோஷம், எல்லாரும் சேர்ந்து மேலே போய் நின்றால் மகிமை, இதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே பாடம் செய்துகொண்டாயிற்று. ஆனால் தெரிவதற்குப் பிறகு ஏதோ ஒன்று வரவேண்டுமாமே, அதுதான் வருவதில்லை. அழகான கோலத்தைக் கரண்ட் இல்லாத வீட்டில் தடவிப் பார்ப்பது போல. அப்படிக்கூட இல்லை. சுவர்க் கடிகாரம் ஓடுவது போல, பக்கத்து அறையில் யாரோ நல்லபடியாகப் பேசிக்கொண்டிருப்பது போல. வலது கையில் ஐந்து பொத்தான் வைத்த ஒரு பெட்டி இருக்கிறது, பிடிக்காவிட்டால் ஒன்று, ஆனந்தமாக இருந்தால் ஐந்து. இந்த இடத்தில் ஞானப்பூவின் தாடை சற்று மேலே போகும், ஆகவே மூன்று. இங்கே உதட்டை உள்ளே இழுத்துக்கொள்வாள், நான்கு. அமுக்கினார். அடியில் குடைந்து ஈயத்துக்குப் பதிலாக மெழுகை அடைத்த எடைக்கல்லை எத்தனை கடையில் பிடித்திருக்கிறார்! பார்வைக்கு ஒரு கிலோ, தூக்கினால் தொள்ளாயிரம். இந்தக் கையில் பொத்தான் நான்கு என்கிறது, அந்தக் கையில் விரல் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறதோ. தடுப்புக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஞானப்பூவுக்குக் கோடு எப்படி ஓடியது என்று அவர் பார்த்திருந்தார். அரைமணி நேரத்துக்கு முன்னால் இதே நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தபோது, நஸ்ரினுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சைக் கோடு ஒன்று நிதானமாக ஊர்ந்துகொண்டிருந்தது, பிறகு மெல்ல ஏறத் தொடங்கியது. “பாருங்க சார், பாட்டுல அந்த உச்சியான இடம் இன்னும் வரவே இல்ல. பத்து செகண்டு கிடக்கு. ஆனா ஆன்ட்டிக்கு உள்ளுக்குள்ள தெரிஞ்சிட்டு, வரப்போகுதுன்னு” என்று நஸ்ரின் கிசுகிசுத்தாள். பசித்தவனுக்குச் சோற்றைக் கண்டதும் மூளையில் சுரக்கிற அதே பொருள்தான் பாட்டுக்கும் சுரக்கிறதாம். சோறு வயிற்றை நிரப்பும், பாட்டு எதையும் நிரப்பாது, வெறும் காற்று அதிர்வது, அதற்குப் போய் மூளை விருந்து வைக்கிறது. அதிலும் பாதி விருந்து காத்திருப்பதிலேயே நடந்துவிடுகிறதாம், உச்சி வருவதற்கு முன்னால் மூளையில் ஓரிடம், வந்த பிறகு வேறோரிடம். கோடு ஏறி ஏறிக் குன்று போல நின்றது. தடுப்பின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஞானப்பூவின் முன்கையில் மயிர் சிலிர்த்து எழுந்தது. என்ன அழகு. வயலில் காற்று போகிற மாதிரி என்று சொல்லத் தோன்றும், ஆனால் காற்று எங்கும் இல்லை, குளிரூட்டி கூட வேறு பக்கம் திரும்பியிருந்தது. அவளுக்குள்ளிருந்தே வந்தது அது. ஐம்பத்துமூன்று வயதில், முழங்கால் வலியோடு, காலையில் வைத்த மீன்குழம்பு வாசம் கையில் போகாமல் இருக்கிற அவளுக்குள், யாரோ பாடிய நாலு குரல் போய் எதையோ தட்டி எழுப்புகிறது. அவருக்குக் கோயிலில் பிரசங்கம் கேட்கும்போது வராத பக்தி அந்தக் கையைப் பார்க்கும்போது வந்தது. இவ்வளவு பெரிய காரியம் பக்கத்திலேயே நடக்கிறது, இருபத்தெட்டு வருஷமாக நடக்கிறது, வாசலில் நின்று பார்க்க முடிகிறதே தவிர நமக்கு உள்ளே போக வழியில்லை.

வழியில்லை என்பது எப்போது தெரிந்தது? ஏழாம் வகுப்பில் பாட்டு சார் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டு, “இந்த இடத்துல உள்ள என்னல செய்யுது?” என்று கேட்டபோது, ஒருத்தன் அழுகை வருது சார் என்றான், ஒருத்தன் ஊருக்குப் போகணும்போல இருக்கு சார் என்றான், எபனேசர் தன் முறை வருவதற்குள் அழுகையையும் ஊரையும் சேர்த்து ஒரு பதில் தயார் செய்தான். அன்றைக்குத் தொடங்கியது தயாரிப்பு. எங்கே தலையாட்டுவது, எங்கே ‘ச்’ கொட்டுவது, எங்கே கண்ணை மூடுவது. கல்யாணத்துக்குப் பிறகு அது சுலபமாகிவிட்டது, ஏனென்றால் ஞானப்பூவின் முகம் இருந்தது. சனிக்கிழமை ஒத்திகையில் அவள் புருவம் லேசாகச் சுளித்தால், முடிந்த பிறகு இவர் குழுத் தலைவர் ஐசக்கிடம் போய், “டெனர்ல யாரோ விலகுத மாதிரி இருந்துது” என்று ஆண்களின் மேல்குரலைக் குறை சொல்வார். ஐசக் அசந்துபோவார். சாருக்குப் பாம்புக் காது என்று பெயர் வந்துவிட்டது. போன வருஷம் புது ஒலிபெருக்கி வாங்கப் போனபோது இவரையல்லவா கூட்டிக்கொண்டு போனார்கள்! சிரிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் அம்மா செத்த அன்று சிரிப்பாக இல்லை. கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கும்போது எல்லாரும் பாடினார்கள், பாட்டு அந்த ஒற்றை வரிக்கு வந்ததும் ஒரே நேரத்தில் எல்லாரும் உடைந்தார்கள், ஏதோ ஒரு கயிற்றை இழுத்தது போல அத்தனை பேரும். இவர் கையில் அந்தக் கயிறு கட்டியிருக்கவில்லை. கொத்தனார் குழைத்து வைத்த கலவை காய்ந்துவிடுமே என்று பார்த்துக்கொண்டு நின்றார். சித்தி மகள் ரூபி பின்னாலிருந்து, “பெத்த தாய்க்கு ஒரு சொட்டு விடலியே, கல்லுளிமங்கன்” என்று சொன்னது நன்றாகக் காதில் விழுந்தது. பாம்புக் காதல்லவா. மூன்று வாரம் கழித்து அலமாரியில் அம்மாவின் மாத்திரை அட்டை கிடைத்தது, செவ்வாய்வரை காலி, புதனிலிருந்து முழுசாக இருந்தது, அதைக் கையில் வைத்துக்கொண்டு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதார், வாளி நிரம்பி வழிந்து தெருவரை போயிற்று. அதை ரூபி பார்க்கவில்லை. ஆனால் ரூபி சொன்னது சரியாக இருந்தால்? உள்ளே கல்தான் என்றால்? மாத்திரை அட்டைக்கு அழுகிறவன் தாய்க்கு அழுதவன் ஆவானா?

இரண்டாவது பாட்டும் முடியப்போகிறது. இதுவும் ஞானப்பூவினுடையது, பெண்பார்க்கப் போன அன்று அவள் பாடிய கீர்த்தனை. அதை நினைக்கக் கூடாது என்று நினைத்தார். விரல் ஈரமாகிவிடும், ஆனால் பாட்டால் ஆகாது, பயத்தால் ஆகும், அந்த வித்தியாசம் இயந்திரத்துக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் நல்லதுதானே, தப்பித்துக்கொள்ளலாமே என்று ஒரு மனசு சொல்கிறது. சீ என்கிறது இன்னொன்று. ஆனால் நினைவு வந்துவிட்டது. அன்று காலை சங்கரன்கோவிலில் ஒரு மிளகாய் வத்தல் மண்டியில் சோதனை. தராசுத் தட்டுகளைக் கையாலேயே துடைத்துப் பார்த்துவிட்டு, இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவி, வெள்ளைச் சட்டை மாற்றி, பெண்வீடு இருந்த நாசரேத்துக்குக் கார் ஏறினார். நாலு மணிக்கு ஞானப்பூ ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்று பாடினாள். பாதிப் பாட்டில் அவருக்கு வலது கண் ஓரம் உறுத்தியது, தேய்த்தார், நகக்கண்ணில் மிச்சமிருந்த வத்தல் காரம் இரண்டு கண்ணிலும் ஏறிவிட்டது. பொலபொலவென்று கொட்டியது. நிறுத்த முடியவில்லை. மாமா துண்டு எடுத்துக் கொடுத்தார், மாமி உள்ளே போய் யாரையோ கூப்பிட்டார், ஞானப்பூ ஒரு நொடி நின்று அவரைப் பார்த்துவிட்டு, குரல் நடுங்க மீதியைப் பாடி முடித்தாள். அதற்கு முன் இரண்டு மாப்பிள்ளைகளை வேண்டாம் என்றவள், இவரைச் சரி என்றாள். “நான் பாடும்போது அழுதாங்க. அந்த மனசு போதும்னு நினைச்சேன்.” இதை மகள் ஷீபாவிடம் சொல்லியிருக்கிறாள், பாதிரியார் மனைவி ஐயரம்மாவிடம் சொல்லியிருக்கிறாள், கல்யாணமாகி இருபத்தைந்தாம் வருஷத்து ஸ்தோத்திர ஆராதனையில் இருநூறு பேர் முன்னால் மைக்கைப் பிடித்துச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் இவர் தலையைக் குனிந்துகொள்வார், அடக்கம் என்று நினைப்பார்கள். வத்தல் என்று ஒரு சொல் போதும். முதல் வருஷமே சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். ஐந்தாம் வருஷம் சொல்லியிருந்தால் கோபித்திருப்பாள். இருபத்தெட்டாம் வருஷம் என்ன செய்வாள்? கண்ணீருக்கு நடுவில் கலங்கலாக அவள் கையைப் பார்த்தது மட்டும் பொய்யில்லை. நாற்காலியைப் பிடித்திருந்த அந்தக் கையில் மயிர் நின்றது. இந்தப் பெண்ணுக்குள் ஏதோ பெரியது இருக்கிறது, இவள் பக்கத்தில் இருந்தால் போதும் என்று அன்றைக்குத் தோன்றியதும் பொய்யில்லை. ஆனால் அதை யார் கேட்டார்கள்?

சட்டென்று ஒரு குழந்தை அழுதது. மூன்றாவது பாட்டும் எப்போது முடிந்தது என்றே தெரியவில்லை. காதுக்குள் பச்சைக் குழந்தை வீறிட்டு அழுகிறது, மூச்சு முட்ட, இடையில் கேவிக்கேவி, ஷீபா ஆறு மாதத்தில் காது வலியில் அழுத அதே மாதிரி. எபனேசர் நாற்காலியில் நிமிர்ந்துவிட்டார். யாராவது எடுங்களேன், ஏன் எடுக்காமல் இருக்கிறார்கள். கை தானாக எழப் பார்த்தது, அசைக்கக் கூடாது, அசைக்கக் கூடாது. அது ஓய்ந்ததும் மழை, பிறகு நாய் உறுமல், பிறகு வயதான ஒரு பெண் இருமுகிற சத்தம், நெஞ்சுக்குள்ளேயே சுழல்கிற இருமல், அம்மா, வெந்நீர் வைக்கவா அம்மா, கடைசியில் யாரோ ஒரு கூட்டம் காரணமில்லாமல் சிரிக்கிற சிரிப்பு. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. முன்கையைப் பார்த்தார். நரைத்த மயிர் அத்தனையும் எழுந்து நின்றது.

நஸ்ரின் வந்து பட்டைகளைக் கழற்றினாள். கழற்றிவிட்டும் போகாமல், ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. பொத்தான்ல மூணும் நாலுமா இருக்கு. ஆனா பாட்டு ஓடுன நேரம் பூரா உங்க கோடு அசையவே இல்ல. நடுவுல ஒரு இடம் லேசா ஏறிச்சு, அதுவும் பாட்டுக்குப் பொருந்தலை. மெஷின்லதான் கோளாறோன்னு பாத்தேன்.”

“மெஷின் சரியாத்தான் இருக்கும்மா” என்றார். “கல்லுலதான் கோளாறு.”

அவளுக்குப் புரியவில்லை. அவர் சொன்னார், ஏழாம் வகுப்பிலிருந்து. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஆளிடம், அதுவும் மகளைவிடச் சின்னப் பெண்ணிடம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“கோளாறுன்னு யார் சொன்னா? நூறு பேர்ல மூணு நாலு பேருக்கு இப்படி இருக்கலாம்னு சொல்லுதாங்க சார். காது நல்லாக் கேக்கும், சந்தோஷமும் துக்கமும் எல்லாரையும் போல வரும். பாட்டைக் கேக்குற பகுதிக்கும் சந்தோஷத்தைத் தார பகுதிக்கும் நடுவுல போக்குவரத்து கம்மி, அவ்வளவுதான். இந்த ஒரு சோதனையை வச்சு நான் உறுதியாச் சொல்ல மாட்டேன். ஆனா இங்க பாருங்க.” மடிக்கணினியைத் திருப்பினாள். தரையோடு தரையாகக் கிடந்த கோடு ஓரிடத்தில் சுவர் போல எழுந்து நின்றது. “குழந்தை அழுத இடம். பாட்டில்லாத சத்தமும் ஒப்பிட்டுப் பாக்கத்தான் கடைசில வச்சிருந்தேன். இதுவரைக்கும் நாப்பத்தொரு பேரை எடுத்திருக்கேன். இவ்வளவு உசரம் யாருக்கும் ஏறலை.”

எபனேசர் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முத்திரை போல அதை எடுத்து நெஞ்சில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ரூபியைக் கூப்பிட்டுக் காட்டலாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“உங்க விவரம் உங்களுக்கு மட்டும்தான் சார். ஆன்ட்டிகிட்ட நான் எதுவும் சொல்ல மாட்டேன்” என்றாள் நஸ்ரின்.

தப்பித்தாயிற்று என்று நிம்மதி வரவேண்டிய இடம் அது. வரவில்லை.

பஸ் நிறுத்தத்தில் தூங்குமூஞ்சி மரத்து நிழலில் சிமெண்டு பெஞ்சு காலியாக இருந்தது. ஞானப்பூ உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டே, “எப்படி அத்தான் இருந்துச்சு? எனக்கு அந்த நாலு குரல்ல அப்படியே தூக்கிட்டுப் போச்சு. உங்களுக்கு எனக்கு மேல இருந்திருக்குமே” என்றாள்.

“ஒண்ணும் இல்ல ஞானம்” என்றார். “எனக்கு ஒண்ணும் வரலை. என்னைக்குமே வந்ததில்ல.”

அவள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். அவர் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினாள். மீதியையும் சொல்லிவிட்டார். ஒழுங்காகச் சொல்லவில்லை, நடுவிலிருந்து தொடங்கி, நஸ்ரின் சொன்னதைப் பாதியும் அம்மாவைப் பாதியுமாக, கடைசியில் வத்தல் மண்டிக்கு வந்தபோது குரல் இறங்கிவிட்டது. அவள் எதிர்ப்பக்கம் இருந்த ஜெராக்ஸ் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பஸ் வந்து நின்று போயிற்று.

“அப்ப அன்னைக்கு எனக்காக யாருமே அழலை” என்றாள்.

பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

“இருநூறு பேர் முன்னால சொன்னேனே. பக்கத்துலதான நின்னீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா, வீட்டுக்கு வந்த பெறவாவது?”

“நீ அதைச் சொல்லும்போது உன் முகம் அப்படி இருக்கும். நான் எப்படிச் சொல்ல?”

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கோபமா அழுகையா என்று அவருக்குப் பிடிபடவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் அந்த முகத்தில் தெரியாத வரி இல்லை என்று நினைத்திருந்தார், இது புதிது. பஸ் நிறுத்தத்தில் வெயில் நகர்ந்து அவள் செருப்புவரை வந்துவிட்டது. அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“சரி. நான் பாடும்போது உங்களுக்கு என்னதான் கேக்கும்? பொய் சொல்லக் கூடாது.”

இதை அவரிடம் யாரும் கேட்டதில்லை. தயாரித்த பதில் எதுவும் கையில் இல்லை. யோசித்துப் பார்த்தார்.

“பாட்டு கேக்காது. நீ கேப்பே. மூச்சு எடுக்கது கேக்கும், எச்சி முழுங்குதது கேக்கும். அந்த நாலு குரல் பாட்டுல, எல்லாரும் மேல போவதுக்கு முந்தி நீ மட்டும் தனியா ஒரு அடி பாடுவேல்லா, அங்க ரெண்டு தடவை மூச்சை இழுப்பே. மத்த இடத்துல ஒரு தடவைதான். அங்க நீ பயப்படுதே.”

ஞானப்பூவின் கை முழங்காலில் அப்படியே நின்றது. “நானா?”

“ஆமா. அடி முடிஞ்சதும் தோள் எறங்கும். அப்பாடான்னு.”

“யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன்” என்றாள். குரல் மிகவும் சின்னதாக வந்தது. “அம்மை வந்து தொண்டை கட்டின வருஷம், அங்க ஒருதடவை குரல் ஒடைஞ்சு போச்சு. ஒத்திகையில இல்ல, தனியா வீட்டுல. பத்தொம்பது வருஷமாச்சு. ஒவ்வொரு உயிர்த்த ஞாயிறுக்கும் ஒடைஞ்சிருமோன்னுதான் நிக்கேன். ஐசக் அண்ணனுக்கே தெரியாது அத்தான். பக்கத்துல நிக்க செல்வியக்காவுக்குத் தெரியாது.”

அவர்கள் ஏற வேண்டிய சமாதானபுரம் பஸ் வந்து நின்றது. எபனேசர் எழுந்து அவளுக்குக் கை கொடுத்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், ஆனால் எழவில்லை, இழுத்து அவரைத் திரும்பவும் உட்கார வைத்தாள். கண்டக்டர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு விசில் ஊதினார்.

“அடுத்த பஸ்ல போவோம்” என்றாள் ஞானப்பூ. “வேற எந்தெந்த இடத்துல பயப்படுதேன்? மொதல்லேருந்து சொல்லுங்க.”